பார்க்கப்பட்டது

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலேயே மூக்கு செத்துவிட்டது. வேதியியல் துறையின் தரைத்தளக் கழிவறை அடைத்து வராந்தா வரை தண்ணீர். நாலு செங்கல்லைப் போட்டுப் பாலம் கட்டி, அதன்மேல் கால் வைத்துத்தான் பேராசிரியர்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு வாரம் இருக்கும்." ஒருத்தர்கூடப் புகார் கொடுக்கவில்லை. படித்தவர்களின் பொறுமையே பொறுமை.

பிளம்பர் உள்ளே கையை விட்டு இழுத்தார். வந்தது ஒரு கட்டு விடைத்தாள். திருத்தியதா திருத்தாததா என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இந்தப் பிளம்பரை எல்லோரும் 'வால்வு' என்றுதான் கூப்பிடுகிறோம். வளாகத்தில் எந்த வால்வு எந்தப் புதருக்குள் ஒளிந்திருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பைப் போகிற வரைபடம் பராமரிப்புப் பிரிவில், அதாவது என் அறை பீரோவில், இருக்கத்தான் இருக்கிறது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பத்தொன்பது வருடமாக அவர் ஒப்பந்த ஆள். நான் இருபத்திரண்டு வருடமாக உதவிப் பொறியாளர். இருவரும் ஒரே நாற்றத்தில் நின்றிருக்கிறோம், அவர் கொஞ்சம் கூடுதல் ஆழத்தில்.

சாயங்காலம் தங்கை மகள் போன் செய்தாள். முதல் வருடம், மூன்றாம் பெண்கள் விடுதி. "பெரியம்மா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. பல்லு விளக்கவே குமட்டுது."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

மூன்றாம் விடுதியிலிருந்து தண்ணீர்ப் புகார் இது நாலாவது. வால்வையும் கூட்டிக்கொண்டு போனேன். மொட்டை மாடித் தொட்டிக்கு இரும்பு ஏணி. நடுவில் ஐந்து படி துருப்பிடித்து விழுந்துவிட்டது.

"ஏணி மாத்துங்கன்னு ரெண்டு தடவ சொல்லியாச்சு மேடம். இதுல ஏறுனா நான் கீழதான் வருவேன், அதுவும் சீக்கிரமா."

ஏணிப் புகாரும் என் கணினியில்தான் இருக்கிறது. 'பார்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறேன்.

அந்தச் சொல்லைப் பற்றி இங்கேயாவது எழுதி வைக்கிறேன். புகாரை மூட எங்களுக்கு மூன்று வழி. 'சரிசெய்யப்பட்டது' என்று போட்டால் என்ன பொருள் வாங்கினாய், யார் செய்தார், போட்டோ எங்கே என்று கணினி நோண்டும். 'நிலுவை' என்று விட்டால் மாதக் கூட்டத்தில் சிவப்பாகத் தெரியும், மானம் போகும். 'பார்க்கப்பட்டது' என்று போட்டால் ஒரு கேள்வியும் கிடையாது. பச்சையாகிவிடும். இந்த மூன்றாவது வழியைக் கேட்டு வாங்கிச் சேர்த்தவளே நான்தான். ஒன்பது வருடம் முன்னால், ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு.

கீழே குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்க்கவில்லை. ஏன் முகர்ந்து பார்க்கவில்லை?

பார்க்கப்பட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

பதினெட்டாம் தேதி மதிப்பீட்டுக் குழு வருகிறது. பல்கலைக்கழகத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் செயற்பொறியாளருக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'பெயின்ட்'. சுவர் ஊறினால் பெயின்ட், விரிசல் விட்டால் பெயின்ட். உயிர் போனாலும் ஒரு கோட்டு அடித்துவிட்டுத்தான் தூக்க விடுவார்.

இன்றைய உத்தரவு: சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற எல்லாத் தொட்டிகளுக்கும் நீல நிறம். தெரியாத பக்கம் வேண்டாமாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

மூன்றாம் விடுதித் தொட்டிக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைப் பார்க்க ஏற வழியில்லை, பெயின்ட் அடிக்க வழி பிறந்துவிட்டது.

மேலிருந்து பெயின்டர் கத்தினார். "மேடம், மூடி பாதி ஒடஞ்சு கெடக்கு. உள்ள என்னமோ மெதக்குது. மூடிக்கும் சேர்த்து அடிக்கவா?"

பெயின்ட்டிடம் சொன்னேன். "பதினெட்டு முடியட்டும்மா. இப்போ தொட்டிய எறக்கினா ரெண்டு நாள் விடுதில தண்ணி இருக்காது, பொண்ணுங்க கேட்ல வந்து உக்காந்துடும், குழு அதையும் பாக்கும். அஞ்சு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

தலையாட்டிவிட்டு வந்தேன். இந்தத் தலையை எதற்குத்தான் கழுத்தில் வைத்துக்கொண்டு திரிகிறேனோ.

வீட்டில் அவரிடம் சொன்னேன். செய்தித்தாளை இறக்காமலே, "மேலிடம் சொல்லிடுச்சுல்ல, உனக்கெதுக்கு வம்பு?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்கிற ஒரே ஆலோசனை. கேட்டுக் கேட்டு அதுவே என் குணமாகிவிட்டது.

தங்கை மகளைக் கூப்பிட்டுக் குடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனை எடுத்தேன். சொன்னால் விடுதி முழுக்கப் பரவும். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

பத்துப் பெண்களுக்கு வாந்தி, பேதி. வார்டன் சொல்கிறார்: "வெளிய கண்டதையும் தின்னுட்டு வருதுங்க மேடம்." ஆமாம் என்று நானும் சொன்னேன். வாய் கூசவில்லை.

பிப்ரவரி 18, புதன்

குழு வந்தது, தின்றது, போனது. ஒருவர் மூன்றாம் விடுதியைக் காட்டி, "நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். பெயின்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரே பெற்ற பிள்ளை மாதிரி அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பினால் அதையும் நான்தான் ஆள் வைத்துக் கழுவ வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

தங்கை மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்குப் போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேராக மூன்றாம் விடுதிக்குப் போனேன். சாலையிலிருந்து தெரியாத பக்கத்துச் சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். "மேடம், வேணாம், நான் போறேன்" என்று கத்திக்கொண்டே வால்வு பின்னால் வந்தார்.

உடைந்த மூடியை நகர்த்தியதும் அடித்த வாடையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறா. ஒன்றல்ல, மூன்று. ஒன்று புதிது, மற்றவை ஊறிப் பிரிந்து இறகும் கொழுப்புமாகத் தண்ணீர்மேல் படலம் கட்டியிருந்தன. அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. சேறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இதில்தான் இருநூற்று நாற்பது பெண்கள் பல் விளக்கினார்கள், குடித்தார்கள், விடுதிச் சமையலுக்கு அரிசி களைந்ததும் இதில்தான்.

அங்கேயே வாந்தி எடுத்தேன். தொட்டிக்குள் விழாமல் வால்வு என் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார்.

யாரையும் கேட்கவில்லை. அடி வால்வைத் திறந்துவிடச் சொன்னேன். தண்ணீர் கறுப்பாக ஓடி, புதுப் பெயின்ட் மேலேயே வழிந்தது. பெயின்ட் போனில் கத்தினார். கத்தட்டும்.

இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. பத்துப் பெண்கள் படுத்தபோது நான் ஏறவில்லை. பதினோராவது என் தங்கை பெற்றது. உடனே ஏறிவிட்டேன். சாரம் அன்றும் அங்கேதானே நின்றது? சீ, என்ன மனுஷி நான்?

பிப்ரவரி 21, சனி

ஆஸ்பத்திரி. டைபாய்டு. உதடெல்லாம் வெடித்திருக்கிறது, ட்ரிப்ஸ் ஏறுகிறது. தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீ அங்க இருக்கேன்னுதான்க்கா தைரியமா சேர்த்தேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அவள் காபி வாங்கப் போனதும் பெண் மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கே சொன்னேனே பெரியம்மா. யாரும் மேல ஏறிப் பாக்கலையா?"

"பிளம்பர் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னு சொன்னாருடா."

அவ்வளவு சரளமாக வந்தது. ஒரு நொடி தயங்கக்கூட இல்லை. அவள் "ஓ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பிவிட்டாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. மூன்று தடவை குளித்தேன்.

மார்ச் 2, திங்கள்

ஆஸ்பத்திரியில் நான் சொன்ன அதே பொய், வேறு யாரிடமும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, மற்றவர்களுக்கும் தோன்றிவிட்டது. விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். பெயின்ட் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். 'தொட்டியைப் பார்வையிட்டதாகப் பிளம்பர் பொய்த்தகவல் அளித்தார்.' கீழே என் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது.

"ஒப்பந்த ஆள்தானே. வேற எங்கயாவது பொழச்சுப்பான். நம்ம ரெண்டு பேர் தலையும் தப்பிச்சிடும்."

பூசி மெழுகுவதில் இந்த மனிதர் கெட்டிக்காரர் என்று தெரியும். இந்தத் தடவை என்னையே பிரஷ்ஷாகப் பிடிக்கிறார்.

வெளியே வந்தால் வால்வு நிற்கிறார். விஷயம் தெரிந்திருக்கிறது. கெஞ்சுவார் என்று நினைத்தேன். "கணக்குத் துறை பின்னாடி மெயின் வால்வு லீக் ஆகுது மேடம். நான் போறதுக்குள்ள யாருக்காவது இடத்தக் காட்டிட்றேன். அப்புறம் தேடுனாலும் கெடைக்காது" என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

தாள் பைக்குள் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

மார்ச் 5, வியாழன்

விசாரணை. குழுத் தலைவர் மொழியியல் பேராசிரியர். போயும் போயும் தொட்டி விவகாரத்துக்கு இவரா என்று நினைத்தேன். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிறவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு என் பதிவேட்டின் நகலைப் புரட்டினார். வால்வு கதவோரமாக நின்றார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பிளம்பர் பொய் சொன்னதா இவங்க எழுதித் தர்றாங்க சார்" என்று பெயின்ட் எனக்கு முந்திக்கொண்டு ஆரம்பித்தார்.

பேராசிரியர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஒம்போது வருஷமா இந்த ஒரு சொல்தான்மா இருக்கு. பார்க்கப்பட்டது, பார்க்கப்பட்டது... செயப்பாட்டு வினை. சரி. யாரால்?"

பெயின்ட் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரால் பார்க்கப்பட்டது? சொல்லுங்க, நான் இலக்கணம்தான் கேக்கறேன்."

பையில் இருக்கும் தாளை எடுத்துக் கொடுத்திருந்தால் அதில் பதில் இருந்தது. வாயைத் திறந்தேன். "யாராலயும் இல்ல சார். யாரும் பாக்கல. ஏணி இல்லாம ஏற முடியாதுன்னு பிளம்பர் அன்னிக்கே சொன்னாரு. அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ சொல்லியிருக்காரு. அந்தப் புகாரையும் நான்தான் மூடினேன். மூடி ஒடஞ்சது பதிமூணாந்தேதியே எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்." பெயின்ட்டைக் காட்டினேன்.

அப்புறம் என்னவெல்லாமோ பேசினேன், ஒன்றும் நினைவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன். பேராசிரியர் எழுதிக்கொண்டே இருந்தார்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கை மகளிடமும் சொன்னேன். அவளுக்கு நாளைக்குத்தான் டிஸ்சார்ஜ். பிளம்பர் இல்லை, நான்தான். ஏறாமலே எழுதினேன். உன்னிடம் பொய் சொன்னேன். தங்கை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெண் மட்டும், "சரி பெரியம்மா" என்றாள். சின்ன வயதிலிருந்தே மரியாதையான பெண்.

மார்ச் 13, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. கட்டடங்கள் எதற்கும் இனி நான் பொறுப்பில்லை. வளாகத்திலுள்ள மேசை நாற்காலிகளுக்கு வரிசை எண் எழுதும் வேலை. பெயின்ட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். நட்சத்திரமும் கிடைத்துவிட்டதாம். நுழைவாயிலில் பெரிதாக எழுதி மாட்டுகிறார்கள். நான் பின்கேட் வழியாகப் போகிறேன்.

வால்வை வேலையை விட்டு அனுப்பவில்லை. மூன்றாம் விடுதிக்குப் புது ஏணி வைத்தாயிற்று, மாதம் ஒரு முறை தொட்டி கழுவுகிறார்கள். எதிரே வந்தவர், "பரவாயில்ல மேடம்" என்றார். எது பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

தங்கை வந்திருந்தாள், மகளோடு. அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் வீட்டுக்கு வருகிறார்கள். காலையிலிருந்தே எனக்கு ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. அவர்கூட இரண்டு தடவை நாற்காலியைத் துடைத்தார்.

பெண் இளைத்திருக்கிறாள், ஆனால் முகம் தெளிந்துவிட்டது. கலகலவென்று பேசினாள். விடுதியை விட்டு வெளியே அறை எடுத்துவிட்டாளாம், மூன்று பேராக. பெரியப்பாவைக் கேலி செய்தாள். என் நாற்காலி எண்களைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள். "என் க்ளாஸ் நாற்காலி ஒண்ணு ஆடுது பெரியம்மா, அதுக்கு நம்பர் போடாதீங்க, விழுந்துடும்." கோபம் ஒரு துளி இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

உள்ளே போய் டம்ளரைக் கழுவி, கொதிக்க வைத்து ஆற்றியிருந்த தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். "தேங்க்ஸ் பெரியம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சின் நடுவிலேயே, பையைத் திறந்து தன் பாட்டிலை எடுத்து நாலு மடக்குக் குடித்துவிட்டு மூடி உள்ளே வைத்தாள். என்ன செய்தோம் என்பது அவளுக்கே தெரியாது. கை தானாகப் போனது.

தங்கை அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். சட்டென்று, ஜன்னல் திரை புதுசா, நிறம் நன்றாயிருக்கிறது என்று ஆரம்பித்தாள். ஆமாம், புதுசுதான் என்றேன். எங்கே வாங்கினேன், எத்தனை மீட்டர் ஆனது என்றெல்லாம் நீளமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.