மேடையேறிய குறட்டை

கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கே பியானோ நலம். புதிதாக வாங்கிய எலக்ட்ரானிக் கீபோர்டு அதைவிட நலம்; எந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கொடுத்தாலும் ராகமாக்கிவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நான் உன் பெயரைச் சொல்லவே இல்லை. "இந்தப் பாட்டுல அடியில பேஸ் கிதார் மாதிரி கேக்குதே, அது என் மனைவியோட குறட்டை" என்றுதான் சொன்னேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததற்கு நான் என்ன செய்வேன்? குறட்டையே விடுவதில்லை என்று கல்யாணமான நாளிலிருந்து நீ சாதித்து வந்தாய் என்பது உண்மைதான்.

ஆனால் ஒன்று. இத்தனை வருஷமாக என் ஜாஸ் இசைக்குக் கொட்டாவி விட்ட ஜனம், அன்று உன் குறட்டைக்கு எழுந்து ஆடியது. பேஸ் கிதார்காரர் கீபோர்டைப் பார்த்து "மெஷினோட எல்லாம் வாசிக்க மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், அவர் இடத்துக்கு உன் குறட்டை தேவைப்பட்டிருக்காது, இந்த வம்பே வந்திருக்காது.

போகட்டும். பாட்டிலிருந்து உன்னுடையதை எடுத்துவிட்டேன். பதிலுக்கு என் குறட்டையைப் போடலாம் என்று, தினமும் தலையணைப் பக்கத்தில் மைக்கை வைத்துப் படுத்தேன். இன்று டிரம்ஸ் வாசிக்கும் தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணே, இதுல குறட்டையே இல்ல. புரண்டு புரண்டு படுக்குற சத்தந்தான் இருக்கு. அண்ணி எப்ப வர்றாங்க?" என்றான்.

அவனுக்கு என்ன தெரியும்? மெத்தை சரியில்லை. நீ வந்து ஒருமுறை படுத்துப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
மைக்கை அணைத்துவிட்ட உன் பியானோக்காரன்