ஜ வரையாத நாட்கள்

செப். 9, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். டிப்போவில் பஸ் உறுமல், அதோடு விழிப்பு. பால் திரிந்துவிட்டது. கேஸ் புக் செய்தாச்சு.
புது எழுத்துரு: உயிர் முடிந்தது, க முதல் ன வரை முடிந்தது. கம்பெனி கேட்டது பழைய பட்டாசு லேபிள் எழுத்து. தடித்த உடம்பு, முனைகளில் பட்டை, வாலில் சுருள். ற-வின் வால் மட்டும் இன்னும் சரியில்லை. பாக்கி: ஜ, ஷ, ஸ, ஹ. எண்கள்.
என் வீட்டுக்காரர் ஜெபா அரை இட்லிதான் சாப்பிட்டார். கால் வீக்கம் கூடியிருக்கிறது.

செப். 11, வியாழன்
மழை. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஈரலுக்கு இனி மருந்து இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் ஜெபா. "இன்னா ரீட்டா, கை விரிச்சிட்டாரா?"
ஆட்டோவில் ஐயப்பன்தாங்கல் வீட்டுக்குத் திரும்பினோம். முருங்கைக்காய் வாங்க மறந்தேன்.

செப். 13, சனி
துணி காயவில்லை. பாத்ரூமில் இருந்தேன். வெளியே ஜெபா ஃபோனில்: "அண்ணாத்தே, கல்லறைக்குக் கருப்பு கிரானைட்டு இன்னா ரேட்டு? யாருக்கா? எனக்குத்தான் நைனா. தமாசு இல்ல. எழுத்து என் ஊட்டுக்காரி குடுக்கும்... ஹலோ? ஹலோ?" அப்புறம் சிரிப்பு. "வெச்சிட்டான்பா!"
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
வெளியே வந்ததும் கேட்டார், "உன் எழுத்துல என் பேர் போட்டுக் குடு."
"ஜ இன்னும் வரையலைங்க."

செப். 16, செவ்வாய்
கம்பெனி மெயில். ஜ எங்கே? எனக்குக் காய்ச்சல் என்று பதில். பொய். ஷ, ஸ, ஹ மூன்றும் முடித்துவிட்டேன். ஜ-வை மட்டும் தொடவில்லை. ஜ இல்லாமல் ஜெபராஜ் என்று எழுத முடியாது. எழுதாதவரை கல் வராது. இவ்வளவு படித்துவிட்டு இப்படி நினைப்பது வெட்கம். நினைக்கிறேன்.

செப். 18, வியாழன்
மத்தியானம் லேப்டாப்பைத் தன் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டார். "எதுக்கு இழுத்துகினே கீற? நான் உசுரோட இருக்க சொல்லவே போட்டா, நல்லா கீதா இல்லையான்னு சொல்லுவேன்ல?"
கோபம். அவர் மேல், டாக்டர் மேல், பட்டாசு லேபிள் மேல். கத்திவிட்டேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஜ-வை வரைந்தேன்.
"வயிறு பெருசா கீது. என்னிய மாதிரி."
குறைத்தேன்.
திரை முழுக்க ஜெபராஜ். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.
ரொம்ப நேரம் பார்த்தார். "சூப்பர். கீழ வருசம் போட நம்பரு?"

செப். 19, வெள்ளி
மேகமூட்டம். கஞ்சி இரண்டு ஸ்பூன். கேஸ் வந்தது.
எண்கள் ஆரம்பம். அவர் பிறந்த வருடத்துக்கு 1, 9, 8, 3. நான்கும் முடிந்தது. அப்புறம் நடுவில் ஒரு சின்னக் கோடு. அதுவும் முடிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் 2-இல் தொடங்க வேண்டும். கை போகவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.
அறையிலிருந்து அவர்: "ரீட்டா, ரெண்டு ஆச்சா?"