பச்சை ஏறிய கட்டு

22-1-2007, திங்கள்

இன்றைக்கு நர்சிங் காலேஜ் லேபில் கிருமி வளர்க்கப் போட்டோம். வீட்டில் சொன்னேன். "கொல்லறதுக்குப் படிக்கப் போனீன்னு நெனச்சேன், வளத்தறதுக்கா?" என்றாள் அம்மா.

அபிராமி மேடம்தான் எங்களுக்கு நுண்ணுயிரியல் எடுக்கிறார். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகக் கோபம் வரும். கண்ணாடித் தட்டுகளில் அகர் ஊற்றி வைத்திருந்தார். கடல்பாசி மாதிரி இருக்கிறதே என்றேன். கடல்பாசியேதான், தின்றுவிடாதே என்றார். தட்டில் ஒரு பாதியைக் கழுவாத விரலாலும் மறுபாதியைச் சோப்புப் போட்டுக் கழுவிய விரலாலும் தொட வேண்டும். என் விரல் எப்படியும் சுத்தம்தான். பார்ப்போம்.

24-1-2007, புதன்

சுத்தமாவது மண்ணாவது! கழுவாத பாதி முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து பெருகிய குடும்பமாம். அதைவிட அதிசயம், கழுவிய பாதியிலும் ஆறேழு இருந்தன. ஏன் என்று கேட்டேன். நகத்தைக் காட்டு என்றார் மேடம். காட்டினேன். பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார்.

வந்ததும் நகத்தை வெட்டினேன். இருந்தாலும் ராத்திரி சோறு பிசையும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

27-1-2007, சனி

இன்று கிராம் சாயம். சாயம் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா திருப்பூரில் நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். வீட்டில் சோற்றுக்கு அடுத்த பேச்சு சாயம்தான். இங்கேயும் அதே கதை: முதலில் ஊதா, அதைப் பிடிக்க வைக்க அயோடின், அப்புறம் ஆல்கஹாலில் அலசல், கடைசியில் சிவப்பு. ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்கிற கிருமி ஒரு ஜாதி. விட்டுவிட்டுச் சிவப்பு ஏறுவது இன்னொரு ஜாதி.

முதல் தடவை, அப்பா சொல்வதுபோல் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசித் தொலைத்தேன். எல்லாம் சிவப்பாகிவிட்டது. இரண்டாம் தடவை அளவாக அலசினேன், வகுப்பிலேயே நல்ல ஸ்லைடு என்னுடையதுதான். "சாயக்காரர் பொண்ணுன்னா சும்மாவா" என்றார் மேடம். அதிலிருந்து எல்லோரும் என்னைக் கலர் மாஸ்டர் என்கிறார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது.

29-1-2007, திங்கள்

காலையில் வார்டு, மதியம் வகுப்பு என்று மாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பெண்கள் சர்ஜரி வார்டு. அங்கே சித்ராதேவி என்று ஓர் அக்கா. உசிலம்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில் ஃபிளாட்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். அயர்ன் டேபிள் பக்கம் நடந்து போகும்போது நீராவிக் குழாய் கழன்று வலது கையின் பின்பக்கம் முழுக்க வெந்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப் போகிறார் தண்டாயுதபாணி டாக்டர். அவர் கோயம்புத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். ஆபரேஷனைப் பிப்ரவரி 9ஆம் தேதி வைத்திருக்கிறார்.

சித்ராக்கா என்னைச் சின்ன நர்சு என்று கூப்பிடுகிறது. முதல் கேள்வியே, "தோலு ஒட்டிருச்சுன்னா மிசின்ல ஒக்காந்துருவேன்ல?" அவர்கள் வீட்டில் அக்காவும் அதன் அம்மா கருத்தம்மாவும்தான். அந்தக் கையில்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்துவிடுவீர்கள் என்றேன். எனக்கென்ன தெரியும்? சொல்லாமல் இருக்க முடியவில்லை.

31-1-2007, புதன்

கருத்தம்மா போன வாரமே மகளின் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் பனியன் துண்டுகள் ஒரு பை கொண்டு வந்திருக்கிறது. நல்ல கிளிப்பச்சை. அடுக்கி மடித்து மெத்தை மாதிரி கைக்குக் கீழே வைக்கிறது. ஆஸ்பத்திரிப் பஞ்சைவிட அதுதான் மெதுவாக இருக்கிறதாம். திருப்பூரில் பனியன் வேஸ்ட் இல்லாத காரியம் எது?

இன்று கட்டு மாற்றும்போது துணியில் பச்சை. வார்டு சிஸ்டர் மயிலாள் கட்டைத் தூக்கிப் பிடித்து, "ஏங்கண்ணு, உனக்குத்தான் சாயம் தெரியுமே, இது என்னன்னு பாரு" என்றார். நான் பார்த்தேன். கீழே பச்சைத் துண்டு, மேலே பச்சைக் கறை. "துண்டுல சாயம் போகுதுங்க சிஸ்டர்," என்றேன். கருத்தம்மாவும் ஆமாம் என்றது. கைக்குக் கீழிருந்த மெத்தைத் துண்டை மாற்றச் சொல்லிவிட்டுச் சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒரு பெரிய சிஸ்டர் என்னிடம் கேட்டு முடிவெடுத்தார்! வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

3-2-2007, சனி

பச்சை இன்றைக்கும். வேஸ்ட் துணி, மட்டச் சாயமாக இருக்கும் என்று விளக்கம் சொன்னேன். அந்தக் கட்டில் பக்கம் ஏதோ பழ வாசனை. பக்கத்துக் கட்டிலுக்கு யாராவது வாங்கி வந்திருப்பார்கள்.

6-2-2007, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

போன வாரம் ஆளுக்கொரு ஈரமான இடத்தில் பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தட்டில் தேய்த்திருந்தோம். நான் லேப் தொட்டியின் சாக்கடைத் துவாரத்தில் எடுத்தேன். இன்று திறந்தால் தட்டே பச்சை. பொட்டுகள் மட்டுமல்ல, அவற்றைச் சுற்றியிருக்கும் அகரும் பச்சை. "சூடோமோனாஸ்," என்றார் மேடம். ஈரம் இருந்தால் போதுமாம், எங்கேயும் பிழைத்துக்கொள்ளுமாம். தானே ஒரு நிறத்தை உண்டாக்கிச் சுற்றிலும் கசிய விடுமாம். அடடா, சாயம் போடுகிற பூச்சி என்று குனிந்தேன். மேடம் தலையில் ஒரு தட்டு தட்டி, முகர்ந்து பார்க்கக் கூடாது என்றார். அதற்குள் மூக்கில் ஏறிவிட்டது. திராட்சை. லேசாக அழுகின கருப்புத் திராட்சை.

அந்த வாசனை எனக்குத் தெரியும். சனிக்கிழமை பக்கத்துக் கட்டிலில் பழமே இல்லை. அங்கே இருந்த பாட்டிக்குச் சர்க்கரை வியாதி.

இருக்காது. துணிதான். துணி பச்சைதானே?

7-2-2007, புதன்

துணி இல்லை.

காலையில் கருத்தம்மாவிடம் புதுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். பால் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, சோப்புப் போட்டு, கட்டுப் போடுகிற வெள்ளை காஸ் துணியோடு சேர்த்து அதில் ஊறப் போட்டேன். பட்டறையில் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான். அம்மா பால் சட்டிக்காக ஆடின ஆட்டம் தனிக்கதை. பிழிந்து பார்த்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. மறுபடி போட்டேன். வெள்ளைதான். வெளிநாட்டுக்குப் போகிற துணியில் வெட்டின துண்டு அது, சாயம் போனால் ஆர்டரே திரும்பி வந்துவிடும். இதுகூடத் தெரியாமல் என்ன கலர் மாஸ்டர்?

இதை அன்றைக்கே செய்திருக்கலாம். யார் தடுத்தார்கள்? கேட்டதும் பதில் சொல்லணும், அதுதான் அவசரம் எனக்கு. நாளான்னைக்கு ஆபரேஷன். கர்த்தாவே, அந்தக் கையில போய்த் தோலை வெச்சுட்டா என்ன ஆகும்? நாளைக்கு மொத வேலையா சிஸ்டர்கிட்ட சொல்லிரணும். திட்டட்டும். அடிக்கட்டும்.

8-2-2007, வியாழன்

சொல்லிவிட்டேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. மயிலாள் சிஸ்டர் திட்டவில்லை. "நீ சொன்னே, நான் கேட்டனே," என்று மட்டும் சொல்லிவிட்டு நேராகப் போய்க் கட்டைப் பிரித்தார். நான் மூக்கைக் கிட்டே கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார். புண்ணைத் தொட்டெடுத்த ஒரு பஞ்சுக்குச்சி கோயம்புத்தூர் லேபுக்குப் போனது. அந்த முடிவு வர நாளாகும் என்பதால், இன்னொன்றை மேடமே வந்து எடுத்துக்கொண்டு போனார்.

9-2-2007, வெள்ளி

மேடம் மூடியைத் திறக்காமலே தட்டை டாக்டரிடம் காட்டினார். ஒரே ராத்திரியில் பச்சை விட ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார். "இதுமேல ஒட்டியிருந்தா ஒரு வாரத்துல மொத்தமும் கழண்டு வந்திருக்கும். தொடைப் புண்ணுதான் மிச்சம்," என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். சிஸ்டர் என்னைக் காட்டினார். சாயம்னு தப்பாச் சொன்னதும் நாந்தாங்க சார் என்றேன். அவர், இனிமேல் தினமும் கட்டு மாற்றும்போது கூட நின்று பார் என்றார். அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை, ரொம்பவும் நீர்க்கக் கலந்து, அதில் நனைத்த காஸால் கட்டச் சொல்லியிருக்கிறார். வார்டே ஊறுகாய்க் கடை மாதிரி மணக்கிறது.

எல்லாவற்றையும் சித்ராக்கா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தது. டாக்டர் போன பிறகு, "எங்கையில பூச்சி மேஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நீ வந்து வந்து சாயம்னு சொல்லிட்டுப் போன," என்றது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

10-2-2007, சனி

பேசவில்லை.

13-2-2007, செவ்வாய்

எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மேடத்துக்கும் அப்படித்தான் போல, ஆளுக்கு இரண்டு பஞ்சுக்குச்சி கொடுத்து வார்டுக்கு அனுப்பியிருந்தார். கட்டில் கம்பி, குழாய், தண்ணீர்ச் செம்பு, பாத்ரூம் வாளி என்று எல்லாவற்றையும் தொட்டோம். இன்று தட்டுகளைப் பார்த்தோம். கம்பியில் ஏதோ வெள்ளைப் பொட்டுகள். குழாயில் கொஞ்சம். வாளியில் பச்சை வெள்ளம்.

கருத்தம்மா தினமும் அந்த வாளியில்தான் மெத்தைத் துண்டுகளை அலசிப் பிழிந்து, காய விடாமல் ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறது. எரிகிற கைக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று. ஆக, துணியிலிருந்துதான் வந்திருக்கிறது. சாயம்தான் இல்லை.

கருத்தம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது, இனி ஆஸ்பத்திரிக் காஸ் மட்டும் என்று சொன்னால் போதும் என்றார் சிஸ்டர். சொன்னோம். கருத்தம்மா வாளியைப் பார்த்தது, பையைப் பார்த்தது, வராந்தாவில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டது. "நான் அலசுனதுலயா தாயி வந்துச்சு?" இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை தெரியாமல் ஒன்றைச் சொல்லி இவ்வளவு ஆகிவிட்டது. "ஆமாங்கம்மா," என்றேன். அது படியில் உட்கார்ந்துவிட்டது. நானும் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் இன்னும் சொல்லித்தரவில்லை.

16-2-2007, வெள்ளி

சித்ராக்கா பேசிவிட்டது! என்னோடு அல்ல, மேடத்தோடு. தன் கையில் இருந்ததைத் தனக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்டிருக்கிறது. நியாயம்தானே? மேடம் தட்டைச் சுற்றி டேப் ஒட்டி, தன் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டினார். அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்தது. "அழகாத்தேன் இருக்கு, நாசமாப் போக," என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிக்கவில்லை. ஆனால் இந்தப் பூச்சி உயிரா, எதைத் தின்னும், வினிகருக்கு ஏன் பயப்படுகிறது என்று என் பக்கம் பார்த்துத்தான் கேட்டது. முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவது தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

27-2-2007, செவ்வாய்

நேற்றுப் போட்ட தட்டில் பச்சை இல்லை. அதற்கு முந்தினதிலும் இல்லை. கோயம்புத்தூர் முடிவும் அதையே சொல்கிறது. கட்டைப் பிரித்தால் புண் சிவந்து, பொடிப்பொடியாகச் சதை கட்டியிருக்கிறது. புண்ணைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா?

2-3-2007, வெள்ளி

இன்று டாக்டர் தோல் ஒட்டினார். தியேட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எடுத்த தோல் வெங்காயச் சருகு மாதிரி அத்தனை மெலிசு. அதற்குக் கீழிருந்து ரத்தக்குழாய்கள் தாமே ஏறி வந்து பிடிக்க வேண்டுமாம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவற்றுக்கு? கருத்தம்மா வாசல் குழாயடியில் நின்றபடி இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தது. போதும் என்று நான்தான் குழாயை மூடினேன்.

7-3-2007, புதன்

பிரித்தார்கள். சுண்டுவிரல் ஓரம் ஒரு நகக்கண் அளவுக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் ரோஜா நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிஸ்டர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்து நெடி என்றார்.

4-4-2007, புதன்

பரீட்சைக்குப் படிக்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன்.

சித்ராக்கா இன்று கைப்பயிற்சிக்கு வந்திருந்தது. விரல்களை மடக்கித் துணிச்சுருளைப் பிடிக்க வேண்டும். சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. வெளியே வந்து என்னைப் பார்த்ததும், துணி என்ன துணி, ஆளைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று என் மணிக்கட்டைப் பிடித்தது. காகிதத்தைப் பிடிப்பது போலத்தான் முதலில் இருந்தது. இவ்வளவுதானா அக்கா, இதை வெச்சு எப்படித் துணி இழுப்பீங்க என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டது. விரல் ஒவ்வொன்றாக இறங்கி வந்து இறுகியது. வாட்ச் எலும்பில் அழுந்தியது.

"வலிக்குதா சின்ன நர்சு?"

"வலிக்குதுங்க்கா."

"வலிக்கட்டும்," என்று இன்னும் கொஞ்சம் இறுக்கியது.