பாப்பாவின் தோலுக்கு ஒரு கடிவாளம்

மார்ச் 4, செவ்வாய்
பாப்பாவின் விரிப்பை உதறினால் சலித்த மாவு மாதிரி தோல் கொட்டுகிறது. அழுது ஓய்ந்து இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

மார்ச் 7, வெள்ளி
எழுதிப் பார்த்தாலாவது மனது ஆறுமா?
தோலுக்குள் புரதத்தை வெட்டும் நொதி எல்லோருக்கும் உண்டு. பழைய தோலைக் கழற்றிவிடுவது அதன் வேலை. அதை அடக்கிவைக்கும் புரதம் பாப்பாவுக்குப் பிறவியிலேயே இல்லை. அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகிறது.
நானோ ஆய்வகத்தில் பகலெல்லாம் தேள் விஷத்தில் அதே நொதியை அடக்கும் பெப்டைடு என்னும் குட்டிப் புரதங்களைத் தேடுகிறேன். அவள் பிறப்பதற்கு முன்பே சேர்ந்த வேலை. விதி என்று சொன்னால் எங்கள் பேராசிரியர் சிரிப்பார்.

மார்ச் 12, புதன்
நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். விஷத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு குழாயை இன்று சேர்த்தேன். நிறம் மாறாமல் தண்ணீராகவே நின்றது; நொதி அடங்கிவிட்டது. திரும்பச் செய்தேன். தண்ணீர்தான்!
விஷம் கறக்கும் பெண்ணை 'தேளம்மா' என்றுதான் கூப்பிடுவோம். ஓடி வந்தாள். "பார்த்தீங்களாக்கா, எம்புள்ளைங்க கெட்டிக்காரங்க!"

மார்ச் 13, வியாழன்
ராத்திரி பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன்.
"அப்ப களிம்புல கொஞ்சம் கலந்து தடவினா?"
"தேள் விஷம்ங்க அது!"
"சுத்தம் பண்ணிட்டேன்னு நீதானே சொன்னே?"
நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்
அந்தக் குழாயிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரே ஒரு சொட்டு, பனிக்கட்டியில் வைத்து.
பாப்பாவின் முழங்கால் மடிப்பு ரத்தமாகக் கிடக்கிறது. களிம்பையும் குழாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நரம்பை உலுக்கும் நஞ்சு அதில் துளி ஒட்டியிருந்தால்? பாப்பாவுக்குத் தடுக்கத் தோலே இல்லையே, எல்லாம் நேராக உள்ளே போய்விடுமே. என்னதான் பண்ணப் போறேன் நான்?
என் மணிக்கட்டில் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குத்தான் தோல் இருக்கிறதே.
அது என்ன பெப்டைடு என்று எடை பார்த்துச் சொல்லும் முடிவு திங்களன்று வரும். அதுவரை தொடக் கூடாது.

மார்ச் 24, திங்கள்
பேராசிரியர் திரையை என் பக்கம் திருப்பினார். "இது தேளே இல்லம்மா. மாடு."
மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துக் குப்பியில் விற்கும், நொதிகளை அடக்கும் பெப்டைடு. எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும். அது எப்படி எங்கள் விஷத்துக்குள் வந்தது?
தேளம்மாதான் சொன்னாள். "விஷம் கெட்டுப் போகக் கூடாதேன்னு குழாயிலயே அந்த மாட்டுத் தடுப்பு மருந்தைப் போட்டுத்தானேக்கா கறப்பேன்? முன்ன இருந்த இடத்துல அதான் வழக்கம். தப்பாக்கா?"
திட்ட வாய் வரவில்லை. நல்லதுக்குத்தானே போட்டாள், பாவி.
கிளம்பும்போது பேராசிரியர் கூப்பிட்டார். "அந்த மாட்டுச் சரக்கைக் குழந்தைக்குப் போட்டுடாதே. தொட்ட நொதியை எல்லாம் கட்டிப்போடும். ஒவ்வாமை வந்தா மூச்சே நின்னுடும்."
நான் ஒன்றும் கேட்கவே இல்லையே. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும்.
வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொட்டில் மிச்சமிருந்ததைக் கொட்டினேன். கழுவினேன். கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மார்ச் 28, வெள்ளி
தடுப்பு மருந்து போடாமல் கறந்த விஷம். மஞ்சள். எல்லாக் குழாயும் மஞ்சள்.

ஏப்ரல் 2, புதன்
பாப்பாவுக்குக் காய்ச்சல். எதுவும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
காய்ச்சல் விட்டது. தோல் அப்படியேதான்.
வெள்ளியன்று வேறு இனத் தேள்கள் வந்து இறங்கின. தேளம்மா ஒவ்வொரு குழாயையும் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கறக்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?
இன்று பகலெல்லாம் தையல். பாப்பா சொறியாமலிருக்க மெல்லிய பருத்தித் துணியில் கையுறை. அவர் ஒன்றை எடுத்துத் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். "இவ கைக்கு ரொம்பப் பெருசா இருக்கே?"
"அது அடுத்த வருஷத்துக்கு," என்றேன்.