பெட்டியில் இருந்த வேட்டிகள்

நேமத்தான்பட்டி,
9.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சொர்ணம் எழுதுவது. நானும் நித்யாவும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் கூப்பிட்டால் “வேலையில இருக்கேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தைப் பிடித்தேன். காரைக்குடிக்கு முட்டை இறக்க வந்த செம்மலை அண்ணன், நாமக்கல் திரும்பியதும் உங்கள் பண்ணைக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். லாரி ஓட்டுகிறவருக்கு இருக்கிற நேரம்கூட என் வீட்டுக்காரருக்கு இல்லையாக்கும்.

கூடவே ஒரு தலையணை உறை வருகிறது. கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பை தைத்ததில் மிஞ்சிய துணிகளைச் சேர்த்து, நடுவில் ஒரு கோழியும் சுற்றிலும் குஞ்சுகளுமாகக் கையாலேயே தைத்தேன். அந்தக் கோழி நம் செவலைதான். இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனால் என்னையே கொத்த வருகிறது.

வேப்பமரத்தடியில் பெரிய கூடாகக் கட்டி நாமே நாட்டுக்கோழி வளர்த்து விற்கலாம், அடுத்தவன் கோழிக்குத் தீனி போட்டது போதும் என்று போன தடவை நீங்கள்தான் சொன்னீர்கள். கூட்டுக்குச் செங்கல் இறக்கியாயிற்று. ஆடிக்கு வந்தால் கட்டி முடித்துவிடலாம். அதோடு இங்கேயே இருந்துவிடலாம். வந்துவிடுங்கள் மாமா.

உங்கள்
சொர்ணம்


நாமக்கல்,
23.6.2024

அன்புள்ள சொர்ணத்துக்கு,

முத்தரசு எழுதுவது. உறை கிடைத்தது. நன்றாக இருக்கிறது. அதே மாதிரி இன்னொன்று தைத்து செம்மலையிடம் கொடுத்துவிடு.

ஆடிக்கு வர முடியாது. பண்ணையில் புதுக் குஞ்சுகள் இறங்குகின்றன. கூட்டை அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம், செங்கல் எங்கும் போய்விடாது. நித்யாவை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

முத்தரசு


நேமத்தான்பட்டி,
28.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இன்னொரு உறை கேட்டு எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் தைத்த எதையும் நீங்கள் இன்னொன்று என்று கேட்டதில்லை. நித்யாதான் கேலி செய்தாள். “அப்பாவுக்கு ஒரு தலைதானம்மா இருக்கு, ரெண்டு உறை எதுக்கு?” என்றாள். “தொவைச்சு மாத்திப் போட வேணாமாடி” என்று அதட்டினேன். இந்த உறையில் கோழிக்குத் துணையாக ஒரு சேவலையும் சேர்த்திருக்கிறேன். அதன் வாலைத் தைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. அதைச் சொல்லத்தான் அன்றைக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

செவலை பொரித்துவிட்டது. ஒரே ஒரு முட்டைதான் கூமுட்டை. ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஹேமாவதி அக்கா அடுப்பை அப்படியே விட்டு ஓடி வந்தார். இப்போது தையல் மெஷினை வாசலில் போட்டுக்கொண்டு, ஒரு கண் துணியிலும் ஒரு கண் குஞ்சுகள் மேலுமாக இருக்கிறேன்.

ஆடியும் வந்துவிட்டது. செங்கல் மேல் புல் முளைக்கிறது. பொழுது சாய்ந்தால் கோழிகூட யாரும் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. உங்களுக்கு எத்தனை தடவை சொல்வது? தீபாவளிக்காவது வாருங்கள். உங்கள் வேட்டிகளையெல்லாம் துவைத்து, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உங்கள்
சொர்ணம்


நாமக்கல்,
15.9.2024

அன்புள்ள சொர்ணத்துக்கு,

உறை வந்தது. விரல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு உதவி. எங்கள் சூப்பர்வைசர் அழகுசுந்தரம் சார் வீட்டில் அடுத்த மாதம் பிரசவம். எனக்கு நிறையச் செய்தவர். அவர் பிள்ளைக்கு உன் கையால் நாலைந்து சட்டை தைத்துக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும். கடைத்துணி வேண்டாம், பிஞ்சு உடம்பு. பெட்டியில் என் வேட்டி இருக்குமே, நான் கட்டிப் பழசானது, அதில் தை. வேறு துணி எதையும் சேர்த்துவிடாதே.

இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழியாக இரண்டு பிடித்து அனுப்பு. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது.

தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன்.

முத்தரசு


நேமத்தான்பட்டி,
6.10.2024

முத்தரசு அவர்களுக்கு,

சட்டைகள் தைத்தாயிற்று.

வேட்டியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் கரையில் கத்தரி நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் பிள்ளைக்கு முதல் சட்டை தகப்பன் கட்டிய வேட்டியில்தான் தைப்பீர்கள். நித்யா பிறந்தபோது என் அம்மா வாங்கிவந்த புதுச் சட்டையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துத் துண்டோடு நின்றீர்கள். “என் வேட்டி படாம எம்புள்ள மேல வேற துணி படக்கூடாது” என்றீர்கள். அடுத்தவன் வேட்டி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படிப்பட்டவர் அழகுசுந்தரம் சார் பிள்ளைக்கு உங்கள் வேட்டியைக் கேட்கிறீர்கள்.

செம்மலை அண்ணன் வந்ததும், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, “சூப்பர்வைசருக்கு இது எத்தனாவது புள்ளண்ணே?” என்று கேட்டேன். “அவுகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே தங்கச்சி” என்றார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்கு மேல் அவரைக் குடையவில்லை. சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், அவர் என்ன செய்வார்?

நாமக்கல்லில் குழந்தைச் சட்டைக்கா பஞ்சம்? என்னிடம் வாய் கூசாமல் பொய் சொன்ன உங்களுக்கு, அந்தப் பிள்ளைக்குக் கடைத்துணி போட மட்டும் பயமாக இருந்திருக்கிறது. அந்தப் பயத்தில் கொஞ்சம் என் விஷயத்திலும் இருந்திருக்கலாம். அந்த இரண்டாவது உறையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. யார் தலைக்கு என்று தெரியாமல் சேவல் வேறு வைத்துத் தைத்தேன். நித்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழவில்லை. சுவரில் இருந்த உங்கள் போட்டோவை அவளே கழற்றி வைத்தாள்.

பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது என்ன பாவம் செய்தது? மேலே உறுத்தாதபடி தையலை வெளிப்பக்கமாகவே வைத்திருக்கிறேன். கோழிகள் இரண்டும் செவலையின் குஞ்சுகள். இறக்கியதும் கால்கட்டை அவிழ்த்துத் தண்ணீர் வையுங்கள்.

கூட்டை நாங்களே ஆள் வைத்துக் கட்டிவிட்டோம். செங்கல் எடுத்துக் கொடுத்தது நித்யா. கோழிகள் நேற்றிலிருந்து அதில்தான் அடைகின்றன.

நீங்கள் நாலைந்து சட்டை கேட்டீர்கள். பை நிறைய இருக்கும். ஒரு வேட்டியோடு எனக்குக் கை நிற்கவில்லை. அன்றாடம் கட்டியவை, போன தீபாவளிக்கு எடுத்தது, கல்யாணத்தன்று கட்டியது என்று பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் வெட்டித் தைத்துவிட்டேன். கல்யாண வேட்டியில் மஞ்சள் கறை எவ்வளவு துவைத்தும் போகவில்லை. அது முதுகுப் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு வரப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். மாற்றிக் கட்ட இந்த வீட்டில் உங்களுக்கு வேட்டி இல்லை.

சொர்ணவல்லி