பெடலை மிதிக்க ஒரு ஆள்

செப்டம்பர் 4, வியாழன்

எருமை இன்றும் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்', அதோடு சரி. இரண்டாவது தடவையும் 'டிக்'. மூன்றாவது தடவை ஒன்றுமே நடக்காதது போல உறுமிக்கொண்டு எழுந்தது. கறுப்பு, பதினைந்து வயது, ஏழு சீட், டீசல் கார். உட்காருவது நான் ஒருத்தி. கல்லூரி வாசலில் நின்று அதைக் கண்டபடி திட்டினேன். இரண்டு மாணவிகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும். லேப் அசிஸ்டென்ட் லிசிக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்ளட்டும்.

ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது ஹம்ஸா மேடம் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். எங்கள் பிசிக்ஸ் டிபார்ட்மென்டில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டோவில் காலை மடக்கி உட்கார முடியவில்லை. எருமையில் முன் சீட்டைப் பின்னால் தள்ளினால் நீட்டிக்கொள்ளலாம். வியாழன்தோறும் தில்லை நகருக்கு பிசியோதெரபிக்கு நான்தான் அழைத்துப்போகிறேன்.

"என்ன லிசி, இன்னிக்கும் அடம் பிடிச்சுதா?"

"மூணாவது தடவை எழுந்துச்சு மேடம்."

"நானும் மூணாவது தடவைதான் எழுந்துக்கறேன். என்னைத் திட்டறியோ?"

பாலம் தாண்டும் வரை சிரித்தோம். வாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நான் பேசுகிற ஒரே நாள் இது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் பேட்டரி முனைகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். பேட்டரி புதிது. ஸ்டார்ட்டர் ரிலேயும் மாற்றியாயிற்று. இருந்தும் காலையில் 'டிக்'.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி ஸ்டீபன் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். காட்டூரில் ஒரே காம்பவுண்டு, இரண்டு வீடு, நடுவில் மார்பளவுச் சுவர். இரண்டரை வருஷமாக அந்தச் சுவருக்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. அவன் மனைவி பிரான்சி மட்டும் பண்டிகை வந்தால் பலகார டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த நாளை நான் எழுதி வைத்ததில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

2023 பிப்ரவரி 16. காலை ஐந்து மணி. அம்மாவுக்கு மூச்சுத் திணறல். நானும் ஸ்டீபனுமாகத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். சாவியைத் திருப்பினேன். டிக். டிக். டிக். எத்தனை தடவை திருப்பினேனோ. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரி போவதற்குள் அம்மா போய்விட்டார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அத்தனை பேர் முன்னால் ஸ்டீபன் சொன்னான்: "ஒர்க்ஷாப்புல விடு, விடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நானே பாத்துக்கறேன், நானே பாத்துக்கறேன்னு... உன் திமிருதான் அம்மாவ கொன்னுச்சு."

வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எழுந்தது, சனியன்.

அம்மாவின் இதயம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது என்று டாக்டர் சொன்னார். சொல்லட்டும். அன்று ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் மாட்டிய எதுவோ கழன்றிருந்ததா? என் கைதானா? அது தெரியாமல் இந்த வண்டியை எப்படி விற்பேன்?

செப்டம்பர் 18, வியாழன்

நவம்பரோடு ஆர்.சி. முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் சோதனை. தேதி வாங்கிவிட்டேன், நவம்பர் 12. அதில் தேறவில்லையென்றால் எருமை இரும்புக் கடைக்கு. அதோடு என் கேள்வியும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. "வண்டியைக் கொண்டு வா, சும்மா வராதே" என்று மேடம் உத்தரவு. அம்மாவின் ஜெபமாலை தொங்குகிற முன்கண்ணாடிக்கு வெளியே சந்தனம், குங்குமம், செவ்வந்திப்பூ மாலை. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். "உங்க மாதா கோவிச்சுக்க மாட்டாளோன்னோ?" என்று கேட்டார். "எருமை எழுந்தா சரி, யார் எழுப்பினாலும் சரி" என்றேன்.

சர்க்கரைப் பொங்கல் கையில் இருக்கும்போதே சொன்னார். மகன் கோவர்தன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறானாம். பத்து நாளில் போகிறாராம். ஸ்ரீரங்கம் வீட்டைப் பூட்டி வைக்கப்போகிறார்களாம்.

நல்லது மேடம், பிள்ளையோட இருக்கறதுதான் நல்லது என்றேன். பொங்கலைக் கீழே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

காலையிலிருந்து பேசியது: பால்காரரிடம் 'ஒண்ணு'. டிபார்ட்மென்டில் 'கையெழுத்துப் போட்டாச்சு'. எருமையிடம் 'எழுந்துரு'. எருமையைச் சேர்க்கலாமா?

நாலரை மணிக்குக் கை தானாகச் சாவியை எடுத்தது. மேடம்தான் பெங்களூர் போய்விட்டாரே, எங்கே போவது? திரும்ப மாட்டிவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

லேபில் பிள்ளைகளுக்குச் சொல்வதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: ஊகிக்காதே, அள. பேட்டரி நெகட்டிவில் வோல்ட் மீட்டரின் ஒரு முனை, எஞ்சினில் மறுமுனை. நடுவில் அநேகமாக ஒன்றும் காட்டக் கூடாது. ஆனால் சாவியைத் திருப்புகிற நேரத்தில் மீட்டரைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டுமே? ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் போனைச் சாய்த்து, மீட்டரை வீடியோ எடுக்க வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். டிக். வந்து வீடியோவைப் பார்த்தேன். மூன்றரை வோல்ட்! பேட்டரியும் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அந்த எர்த்தான் கிடைக்கவில்லை.

மேலே எல்லாம் இறுக்கமாக இருந்தது. வண்டிக்கு அடியில் புகுந்தேன். ஸ்டார்ட்டர் பக்கத்தில், கியர்பாக்ஸோடு சேர்ந்த எர்த் ஒயர். அந்த போல்ட்டைத் தொட்டேன். விரலோடு சுற்றி வந்துவிட்டது. ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. அடியில் பச்சையாகப் பூத்து, பொறி பறந்த கறுப்பு.

அப்படியே மல்லாந்து படுத்திருந்தேன். இதை யார் மாட்டியது? நானா?

எழுந்துபோய் 2023 டைரியைத் தேடி எடுத்தேன். பிப்ரவரி 11, சனி. என் கையெழுத்து: 'ஸ்டார்ட்டர் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினேன். தோள் வலி, கீழே படுக்க முடியவில்லை. கீழே எர்த் ஒயரை ஸ்டீபன் மாட்டினான். பிரான்சி வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு.'

ஸ்டீபன்.

டேய் ஸ்டீபா, ரெண்டரை வருஷம்டா! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூசையில முட்டி போட்டு மன்னிப்பு கேட்டேனேடா. எதுக்குன்னு தெரியாமயே கேட்டேனே.

போல்ட்டைத் தூக்கிக்கொண்டு சுவர் வரைக்கும் போனேன். அவன் பைக் இல்லை. திரும்பி வந்தேன். மேடத்துக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. இந்த உலகத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்க வெடி. சுவர்மேல் பிரான்சியின் டப்பா, உள்ளே அதிரசம். எடுக்கவில்லை. மத்தியானம் எறும்பு வரவே எடுத்துவிட்டேன்.

புதிய போல்ட், புதிய வாஷர் போட்டு இறுக்கினேன். எருமை ஒரே திருப்பில் எழுகிறது. பத்து தடவை திருப்பிப் பார்த்தேன், பத்தும் எழுந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. வேலை முடிந்தால் கடைசியில் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும் என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளை அதட்டுகிறேன். அன்று நான் தொட்டுப் பார்த்தேனா? மீன் குழம்பு சாப்பிடப் போய்விட்டேன்.

ஆனாலும் சொன்னது அவன்தானே. அத்தனை பேர் முன்னால்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பழைய போல்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டீபன் காலையில் அங்கே இருப்பான், தெரியும். அம்மா கல்லறைமேல், அவன் கண்ணெதிரே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவது என்று திட்டம். வழியெல்லாம் ஒத்திகை வேறு.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரால் 'சகாயம்மாள்' என்ற எழுத்துகளில் இருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பின்னந்தலை முழுக்க நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது? சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி, துடைத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.

போல்ட்டைக் காட்டினால் அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். இரண்டரை வருஷமாக நான் அப்படித்தானே இருக்கிறேன்.

அவன் எழுந்து போகும் வரை வேறு யாரோ ஒருவரின் கல்லறைக்கு முன்னால் நின்று ஜெபிப்பது போல நடித்தேன். பிறகு மெழுகுவர்த்தி ஏற்றினேன். போல்ட் இன்னும் பையில்தான் இருக்கிறது.

நவம்பர் 8, சனி

விடுகிறதா பார்! ஸ்டார்ட் ஆனால் பிரேக் இல்லை. பின் இடது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவு. டிரம்மைக் கழற்றி சிலிண்டர் மாற்றினேன். அதுவரை சரி. ஆனால் பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டையைக் கொடுத்துப் பார்த்தேன், நழுவியது. குழாயை ஆயில் பாட்டிலுக்குள் விட்டு நானே மிதித்தேன். அரை நாள் போயிற்று, பஞ்சு பஞ்சாகத்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் தனியாகச் செய்ய வழி கண்டுபிடித்துவிட்டேன். இதற்கு மட்டும் இல்லை.

மேடம் போன் செய்தார். "நான் இருந்தா மிதிச்சிருப்பேனே."

"அந்த முழங்காலோடயா?"

சிரித்தார். பிறகு, "ஏன், ஸ்டீபன் இருக்கானே?" என்றார்.

"வேற ஏதாவது பேசுங்க மேடம்."

முன்பெல்லாம் வருஷா வருஷம் அவன்தான் மிதிப்பான்.

ஒர்க்ஷாப்பில் விடலாம். திங்கள்கிழமை கூப்பிட்டால் வந்து இழுத்துப்போவார்கள். விடலாம்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கத்தினேன்: "ஸ்டீபன்! பெடல் மிதிக்க ஆள் வேணும்!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிரான்சிதான் ஓடி வந்தாள், கையெல்லாம் மாவு. "குளிச்சிட்டிருக்காங்க அண்ணி. இதோ சொல்றேன், இதோ" என்று உள்ளே பறந்தாள்.

ஈரத்தலையோடு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். நான் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்தேன். முகம் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

"மிதி."

"மூணு தடவை மிதிச்சாச்சு. பிடிச்சிருக்கேன்."

திருகைத் திறந்தேன். ஆயிலோடு புஸ்ஸென்று காற்று. மூடினேன்.

"விடு."

"விட்டுட்டேன்."

"மிதி."

"பிடிச்சிருக்கேன்."

இதையே எத்தனை தடவை சொன்னோமோ. ஒரு சக்கரம் முடித்து அடுத்ததற்குப் போனேன். எனக்கு மூக்கு ஒழுகியது, பிரேக் ஆயில் நெடி என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சக்கரத்தில் 'விடு' என்றேன். 'விட்டுட்டேன்' வரவில்லை.

"அக்கா."

"என்னடா, பெடல் இறங்குதா?"

"அந்த எர்த் போல்ட்டு... அன்னிக்கு நான் கையாலதான் திருகினேன். பிரான்சி சாப்பிடக் கூப்பிட்டா, அப்படியே எழுந்து போயிட்டேன். ஸ்பேனர் போட்டு இறுக்கவே இல்லக்கா. அடக்கத்துக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சொல்லிட்டேன். எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல. தினமும் காலையில அந்த 'டிக்' சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கும். தினமும்..."

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் குரல் உடைவதைக் கேட்டேன்.

"தெரியும்" என்றேன். "மிதி."

அவன் மிதிக்க நேரமாயிற்று. நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பிடிச்சிருக்கேன்" என்றான்.

நான்காவது சக்கரம் முடிந்ததும் பெடல் கல் மாதிரி நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே, "ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்னிக்கு?" என்று கேட்டான். புதன், எட்டரைக்குக் கிளம்பணும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

நவம்பர் 12, புதன்

பாஸ். எட்டு மணிக்கே ஸ்டீபன் வந்து நின்றான். சாவியை அவனிடம் கொடுத்தேன். வாங்கவே கை வரவில்லை அவனுக்கு. திருப்பினான். ஒரே திருப்பில் எழுந்தது.