ஜெசிந்தா ரெக்கோடர் ஆன கதை

ஒக்டோபர் 5, ஞாயிறு. தூறல்.

முழங்கால் வலி. மாத்திரை போட்டாச்சு. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுகிறது. திருப்பி வாசிக்க எனக்கு எழுத்துத் தெரியாது. அதுவும் நல்லதுதான்.

பூசை முடிய ஃபாதர் அறிவித்தார். மரியதாசின் மகள் ஜெசிந்தா நீதிபதி ஆகிறாளாம். எங்கள் பங்கில் முதல் ஆள். கைதட்டல். நானும் தட்டினேன். கையில் குடை இருந்ததால் சத்தம் வரவில்லை.

மரியதாசுக்குப் புதுச் சூட். பெற்றோல் செட்டில் என்னோடு ஷிப்ட் நின்றவன். ஜெசிந்தா கணக்கில் பெயிலாகி அழுதபோது எங்கள் குசினி மேசையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தது என் மகன் அன்ரன். அன்றைக்கு அவள் தின்ற பாணும் சம்பலும்கூட நினைவில் இருக்கிறது. பிறகு இருவரும் சட்டம். அன்ரன் சொலிசிட்டர், வழக்கைத் தயார் செய்து கொடுப்பான். அவள் பாரிஸ்டர், அதைக் கொண்டுபோய் கோர்ட்டில் பேசுவாள். சமைத்தவன் ஒருவன், பரிமாறினவளுக்குப் பெயர்.

ஒக்டோபர் 7, செவ்வாய். வெயில், ஆனால் குளிர்.

பஸ்ஸில் டூட்டிங் தமிழ்க் கடைகளுக்கு. விளைமீன், முருங்கைக்காய், கறிவேப்பிலை. வெற்றிலை மறந்துவிட்டேன்.

மீன் கடையில் மரியதாசின் மச்சான். அவர் வாயால்தான் வந்தது: ஜெசிந்தாவின் பதவிக்குப் பெயர் ரெக்கோடராம். அதுவும் வருசத்தில் சில வாரம்தானாம்.

ரெக்கோடர்! நீதிபதி பேசுவதைப் பதிகிற வேலை. இந்தப் போன் செய்கிற வேலை. இதற்கா கைதட்டல், இதற்கா சூட்.

பஸ்ஸில் தனியாகச் சிரிப்பு வந்தது. பக்கத்துப் பெண் எழும்பி வேறு சீட்டுக்குப் போனாள். வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு. மழை.

பூசைக்குப் பிறகு கோயில் ஹோலில் தேத்தண்ணி. ஜெசிந்தாவுக்கு மாலை, கேக். பொறுக்க முடியவில்லை. நாலு பேர் காதில் மெல்லப் போட்டேன். ஐந்தாவது ஆளுக்குக் காது மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நீதிபதி இல்லையண்ணை. ரெக்கோடர். பட்டன் அமத்துற வேலை."

ஹோல் முழுக்கக் கேட்டது. மரியதாஸ் கேக்கையே பார்த்தபடி நின்றான். ஜெசிந்தா சிரித்தாள்.

"ஓம் மாமா. கவனமாக் கதையுங்கோ, எல்லாம் பதிவாகுது."

பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து.

அன்ரன் காரில் கூட்டிவந்தான். வீட்டு வாசலில் நின்று சொன்னான். இங்கிலாந்தில் ரெக்கோடர் என்றால் நீதிபதிதானாம், பகுதி நேரம். அந்தக் காலத்துப் பெயராம். அதில் சில வருசம் இருந்து காட்டினால்தான் பெரும்பாலும் முழுநேர நீதிபதியாகலாம்.

"அப்பா, அந்த வேலைக்கு நானும் ரெண்டு தரம் போட்டனான். கிடைக்கேல்லை."

ஒரு சொல் சொன்னதில்லை என்னிடம்.

இப்போது மூன்றாம் தரம் போடுகிறான். அவன் வேலையை நேரில் அறிந்த ஒருவர் அவனைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கேட்டிருப்பது ஜெசிந்தாவிடம். அவள் இன்னும் எழுதவில்லை.

தேத்தண்ணி குடிக்கவில்லை. மாத்திரையும் மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய். காற்று.

மருமகளைக் கெஞ்சி மட்டன் ரோல்ஸ் போடுவித்தேன். மரியதாஸ் வீடு. நினைத்துப் போன வார்த்தை ஒன்றும் வரவில்லை. மழை பற்றிக் கதைத்தோம், முழங்கால் பற்றிக் கதைத்தோம். கடைசியில் ரோல்ஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடடாப்பா. பிள்ளை எழுதி அனுப்பிட்டாள்."

எப்போது என்று கேட்டேன்.

"ஞாயிறுதான். ஹோலால வந்த கையோட. 'அன்ரனண்ணா இல்லாட்டி நான் கணக்கிலயே நிண்டிருப்பன் அப்பா' எண்டு சொல்லிச் சொல்லி எழுதினவள்."

நான் அப்படிப் பேசிய பிறகு. அன்ரன் சொல்லிக் கொடுத்ததை அவள் மறந்திருக்கலாம், மறக்கவில்லை. இதிலும் அந்த வீடுதான் மேலே.

ரோல்ஸ் கொண்டுபோன பெட்டியை வெறுமையாகத் தரவில்லை மரியதாஸ். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்ட தொதல் வைத்துத் தந்தான். அவன் மனைவி கிண்டினது.

நல்ல தொதல். அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது.